நான்கு நிமிடமும் இருபது விநாடியும்

மகன்,

முதலில் ஸலாம். நலம் விசாரிக்கவில்லை. காலையில்தான் கதைத்தோம்; சொதி தண்ணியாக இருந்தது என்று கொழும்புக் கடைக்காரரை நீ திட்டியதையும் கேட்டேன். வெள்ளிக்கிழமை உனக்குக் காவின் எழுதிக் கலியாணம். அதோடு எங்கள் கரை வழக்கப்படி நீ பெண் வீட்டுக்குப் போய்விடுவாய். கல்முனைக்கும் நிந்தவூருக்கும் பெரிய தூரம் ஒன்றுமில்லை, பஸ்ஸில் ஏறி இருக்க இடம் பிடிப்பதற்குள் வந்துவிடும். ஆனாலும் போகிறவன் போகிறவன்தான். இங்கே பெண் பிள்ளை பெற்றவர்கள் வீட்டில் ஆள் கூடும், ஆண் பிள்ளை பெற்றவர்கள் வீட்டில் ஒரு கோப்பை குறையும். இதைச் சொல்லி அழுவதற்காக நான் தாள் எடுக்கவில்லை. அழுகை வந்தால் அதை நான் தனியாக அழுதுகொள்வேன்.

போன மாதம் நீ எனக்குத் தொலைபேசியில் ஒரு விஷயம் விளக்கினாய். உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, ஏனென்றால் விளக்கும்போது நீ எதையோ சப்பிக்கொண்டிருந்தாய். ஒரு ஹோட்டலில் அறைக்கு அறை டிவி இணைக்கும் வேலை, படம் நன்றாக வரும், கொஞ்ச நேரத்தில் எல்லா அறையிலும் ஒன்றாக நின்றுவிடும், இரண்டு நாள் மண்டை காய்ந்து கடைசியில் பிழையைப் பிடித்துவிட்டேன் உம்மா என்றாய். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டு, சும்மா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சொல்லி முடித்தபோது கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது. எத்தனை நிமிடத்தில் நின்றது என்று கேட்டேன். "நாலு நிமிசம் இருவது செக்கன் உம்மா. வழமையா அப்பிடித்தான் வெச்சிருப்பாங்க" என்றாய். பிறகு உனக்கு வேறு அழைப்பு வந்து வைத்துவிட்டாய். அன்றைக்கு வெங்காயம் பாதியிலேயே கிடந்தது. நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியாது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். எனக்கு முழுதாக விளங்கியதா என்றால், இல்லை. ஒரு பக்கம் விளங்கினால் மறுபக்கம் குழம்புகிறது. ஒழுங்காக வராது, பொறுத்துக்கொண்டு வாசி.

இது யோகன் மாமாவைப் பற்றியது. அந்தப் பெயரை வாசித்தவுடன் உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். உன் கை முறிந்ததற்குக் காரணமானவர், பள்ளிக்கூட ஒலிபெருக்கியின் வயரை வேண்டுமென்றே கழற்றிவிட்டவர் என்றுதான் பதினொரு வயதிலிருந்து நீ அவரை நினைத்து வைத்திருக்கிறாய். அப்படி நினைக்க வைத்தது நான். அவர் கழற்றவில்லை மகன். அந்தக் குரலை நிறுத்தியது என் கை.

சுனாமி உன் வாப்பாவைக் கொண்டுபோனபோது உனக்கு ஆறு வயது. மீன் எடுக்கக் கரைக்குப் போனவர். சைக்கிள் மட்டும் கிடைத்தது. இரண்டு வருடம் நானும் நீயும் என் தங்கச்சி, உன் சாச்சி வீட்டில் ஒரு அறையில் கிடந்தோம். அதன் பிறகுதான் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் வந்து, உன் பள்ளிக்கூடம் உட்பட கரையோரத்தில் ஆறு கட்டடங்களில் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்து, ஆறையும் ஒரு நிலையத்தோடு ரேடியோ இணைப்பால் கோர்த்தது. கடல் எழும்பினால் நிலையத்திலிருந்து ஒருவர் பேச, ஆறு இடத்திலும் ஒரே நேரத்தில் கேட்கவேண்டும். அதை நடத்த ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். எனக்குக் கம்பியூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதாலும், கணவனை இழந்தவள் என்பதாலும் நிலையப் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். வேலை உண்மையில் தெரிந்தவர் யோகன். பாண்டிருப்புத் தமிழ் ஆள், மட்டக்களப்பில் படித்துவிட்டு வந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை அக்கா என்பார், அவசரம் என்றால் வெறும் "கா" என்பார். உனக்குப் பழுதான மவுஸ்களைக் கழற்றி விளையாடத் தந்தது அவர்தான். நீ இன்றைக்கு இந்தத் தொழிலில் இருப்பதற்கு அந்த மவுஸ்களும் ஒரு காரணமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்த வேலையை அவர் எனக்கு வயலை வைத்துத்தான் விளங்கப்படுத்தினார், ஏனென்றால் அவருடைய மனைவி வீட்டாருக்கு நாவிதன்வெளியில் காணி. ஒரு குரலை ஆறு இடத்துக்கு அனுப்ப மூன்று வழி உண்டு. ஆறு பேருக்கும் தனித்தனியாக ஆறு தடவை அனுப்பலாம்; அது ஒவ்வொரு வயலுக்கும் வாளியில் தண்ணீர் தூக்குவது. எல்லாருக்கும் பொதுவாகக் கொட்டிவிடலாம்; அது குளத்துக் கதவைத் திறந்துவிட்டு வேண்டியவன் வேண்டாதவன் எல்லார் காணியையும் வெள்ளமாக்குவது. மூன்றாவது மல்டிகாஸ்ட். ஒரு தடவைதான் அனுப்புவோம், "எனக்கு வேணும்" என்று கேட்ட இடத்துக்கு மட்டும் அது கிளை பிரிந்து போகும். சாதாரண சுவிட்ச் பெட்டிக்கு யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று தெரியாது, அதனால் வயர் செருகிய எல்லா வாசலிலும் கொட்டும். கொஞ்சம் புத்தியுள்ள சுவிட்ச் என்றால் அதிலே ஒரு வடிகட்டி இருக்கும். எந்த வாசலில் இருந்து "எனக்கு வேணும்" என்ற செய்தி வருகிறது என்று ஒட்டுக்கேட்டு வைத்துக்கொண்டு, அந்த வாசலை மட்டும் திறக்கும், மற்றவற்றை மூடும். "வக்கடையத் திறக்கிற மாதிரித்தான் கா" என்பார். வரம்பை வெட்டித் தண்ணீர் விடும் இடத்தைத்தான் எங்கள் பக்கத்தில் வக்கடை என்கிறோம், கொழும்பில் இருந்து நீ மறந்திருப்பாய்.

அவர் சொன்ன இதுவரை எனக்கு விளங்கியது. நீ போன மாதம் சொன்னதுதான் எனக்குத் தெரியாமல் இருந்த பாதி. திறந்த வாசலைச் சுவிட்ச் அப்படியே விட்டுவைக்காது. கேட்டவன் எழும்பிப் போயிருக்கலாம், மின்சாரம் நின்றிருக்கலாம் என்று அதற்குச் சந்தேகம். ஆகவே ரவுட்டர் ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "இன்னும் யாருக்கு வேணும்?" என்று எல்லாரையும் கேட்கவேண்டும். கேட்பவர்கள் "எனக்கு" என்று மறுபடி சொல்லவேண்டும். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் சுவிட்ச் வாசலைத் திறந்து வைத்திருக்கும். கேள்வி கேட்க ஒருவரும் இல்லாவிட்டால் பதிலும் இல்லை. பதில் இல்லாவிட்டால் நான்கு நிமிடம் இருபது விநாடியில் வாசலை மூடிவிடும். வடிகட்டியைப் போட்டுவிட்டு, கேள்வி கேட்கும் ஆளை வைக்க மறந்துவிடுகிறார்கள் உம்மா, பெரிய பெரிய இன்ஜினியர்மார்கூட இதில்தான் விழுகிறார்கள் என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

இனி என் கதை. நிலையத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு கமராவும் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் படமும் இதே மல்டிகாஸ்ட் வழியில்தான் வந்தது. சுவிட்சில் வடிகட்டி போடாததால் அந்தப் படம் நிலையத்துத் திரைக்கு மட்டும் வராமல் ஆறு ரேடியோ இணைப்பிலும் வெள்ளமாகப் பாய்ந்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பக்கூட இணைப்புத் திணறும். யோகன் தீப்பள்ளயத் திருவிழாவுக்கு லீவில் போயிருந்தார், பாண்டிருப்பு ஆட்கள் அந்த நாட்களில் வேலைக்கு வரமாட்டார்கள். எனக்கு ஒரு நப்பாசை. அவர் இல்லாமலே நான் ஒன்றைச் சரிசெய்து காட்டவேண்டும். பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்து வாசித்தேன், ஸ்னூப்பிங் என்று ஒரு இடத்தில் சரி அடையாளம் போட்டால் தேவையில்லாத ஓட்டம் நிற்கும் என்றிருந்தது. யோகன் சொன்ன அந்த வடிகட்டிதான். போட்டேன். அந்த நிமிடமே இணைப்பெல்லாம் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. நான் தனியாக இருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன், அவ்வளவு சந்தோசம். கேள்வி கேட்பவர் ஒருவர் வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். நான் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

யோகன் திரும்பி வந்த சில நாளில் கமராப் படம் அடிக்கடி உறையத் தொடங்கியது. திரையை மூடித் திறந்தால் வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி உறையும். நான் உப்புக்காற்றில் பழி போட்டேன், கடற்கரையில் எல்லாமே துருப்பிடிக்கிறது, கமரா என்ன விதிவிலக்கா என்றேன். அவர் கமராவைக் கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டு, கமராவில் பிழை இல்லையே என்று தலையைச் சொறிந்தார். பிறகு என்னிடம் வந்து, "நான் இல்லாத நேரம் சுவிட்சில ஏதும் மாத்தினீங்களா கா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் ஒன்றையும் தொடவில்லை என்றேன். அவர் அதை நம்பி, சுவிட்சைப் பார்க்காமலே விட்டுவிட்டார். ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், தெரியவில்லை. அவர் முகத்தில் இருந்த கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கவில்லையோ, பொறுப்பாளர் நானா அவரா என்று ஒரு வீம்போ. மகன், உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் தாய் என்றால் வாய் சும்மா இருக்காது: நாளைக்கு உன் பெண்சாதி வந்து இதை நீங்களா மாற்றினீங்க என்று கேட்டால், அது அலுமாரிச் சாவியாக இருந்தாலும் சரி, ஓம் என்று சொல்லிப் பழகு.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். சோதித்தோம், மாதாமாதம். ஆனால் எப்படிச் சோதித்தோம் என்று கேள். முதல் தடவை பெட்டிகளைப் பத்து நிமிடம் பேச விட்டபோது, சோதனை என்று முன்னமே பள்ளிவாசலிலும் கோவிலிலும் சொல்லியும், சனம் ஓடியது. அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடினார்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத் துணியோடு ஓடினார்கள், ஒரு தாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு பிரதான வீதி வரைக்கும் போய்விட்டாள். அலையைப் பார்த்த சனத்துக்குச் சோதனை என்ற சொல் காதில் ஏறாது. அன்றைக்கே குழு கூடி, இனி ஒரு நிமிடத்துக்கு மேல் சோதிக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதினது. அது சனத்தின் மேல் இரக்கப்பட்டு எழுதின தீர்மானம், நானும் கை தூக்கினேன். பொத்தானை அழுத்தினால் பெட்டிகள் விழித்து "எனக்கு வேணும்" என்று ஒரு தடவை சொல்லும், வாசல் திறக்கும், குரல் போகும், ஒரு நிமிடம் கணீரென்று கேட்கும், நிறுத்துவோம். எல்லாம் சரி என்று கொப்பியில் எழுதுவோம். நான்காவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று பார்க்க இந்தக் கரையில் ஒருவருக்கும் மனத்தைரியம் இல்லை. நாங்கள் பயந்தவர்கள் என்பதால்தான் அந்தப் பிழை பிழைத்துக்கிடந்தது. அப்படியென்றால் குற்றம் என்னுடையதா, பயத்தினுடையதா? பார், மறுபடி குழம்புகிறேன்.

அந்த நாள், போர் முடிந்து சில கிழமைதான் ஆகியிருந்தது. காலையில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போது, வினாயகபுரம் பக்கமிருந்து ஒருவர் கடல் பின்வாங்கி உள்ளே போகிறது என்று தொலைபேசியில் சொன்னார். பிறகு அது ஒன்றுமில்லை என்று ஆனது, ஆனால் அப்போது யாருக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினேன். பிள்ளைகள் மேல்மாடிக்கு ஏறவேண்டும், ஏறினவர்கள் இறங்கக் கூடாது, நான் சொல்லும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உனக்கு நான் வீட்டில் தனியாகவும் சொல்லி வைத்திருந்தேன், உம்மாட சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரைக்கும் பயப்படாதே, சத்தம் வந்தால் உம்மா இருக்கிறேன் என்று அர்த்தம் என்று. நான் நாற்பது நிமிடம் பேசினேன் மகன். தொண்டை கட்டிப்போகும்வரை பேசினேன். இடையில் அறிவிப்பாளர் பேசக்கூடாததையும் பேசினேன், உன் பெயரைச் சொல்லி, உம்மா இங்கேதான் இருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அதில் முதல் நான்கு நிமிடம்தான் உங்களுக்குக் கேட்டது. மிச்சமெல்லாம் நான் ஒரு இரும்புப் பெட்டிக்குச் சொன்னது.

குரல் வசனத்தின் நடுவில் அறுந்தவுடன் நிலையத்தை அலை அடித்துவிட்டது என்று பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். எல்லாரும் மேலே ஏற, நீ மட்டும் கீழே இறங்கினாய். கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓடவேண்டிய பிள்ளை கடலைப் பார்த்து, என் நிலையத்தைப் பார்த்து ஓட வெளிக்கிட்டாய். படியில் நெரிபட்டுக் கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் நான் வந்தவுடன் நீ கையைப் பற்றிச் சொல்லவில்லை. "உங்கட சத்தம் நிண்டிட்டு உம்மா. நீங்களும் போயிட்டீங்க எண்டு நெனச்சன்" என்றாய். அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் இதைச் செய்திருக்கவேண்டும். செய்தவர் முகத்தை நான் பார்க்கவேண்டும். அது என் முகமாக இருக்கலாம் என்று அப்போது ஒரு கணமும் தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. அந்தச் சரி அடையாளம் ஒரு கணம் கண்ணில் வந்தது. மாதாமாதம் நன்றாகக் கேட்டதே, அதுவாக இருக்காது என்று தள்ளிவிட்டேன்.

குழு விசாரித்தது. அன்று காலையில் பள்ளிக்கூடப் பெட்டியை யோகன் திறந்திருந்தார். எறும்பு கூடு கட்டியிருக்கிறது என்று பள்ளி அதிபர் கூப்பிட்டுத்தான் போனவர். நீ அதைப் பார்த்தாய். எழுதிக்கொண்டிருந்தவர் குழுச் செயலாளர், இப்போது உனக்கு மாமனாராக வரப்போகிறவர். நல்ல மனிதர், அன்றைக்கும் நல்ல மனிதராகத்தான் கேட்டார். யோகன் மாமா பெட்டியைத் திறந்தாரா என்றார், நீ ஓம் என்றாய். அது உண்மை. வயரைக் கழற்றினாரா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். மகன், உனக்கு அந்தத் தலையாட்டல் ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிறது. பிறகு நீ ஓம் என்றாய், அவர் எழுதினார், நீ கீழே பெயர் எழுதினாய்.

யோகன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "மத்த அஞ்சு பெட்டியும் நிண்டதா எண்டு கேட்டுப் பாருங்க" என்று. ஒருவரும் கேட்கவில்லை. மற்ற இடங்களில் சனம் முதல் நிமிடத்திலேயே ஓடிவிட்டது, பெட்டி பேசுகிறதா நின்றதா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. எனக்கு அந்தக் கேள்வி சரியான கேள்வி என்று தெரியும், பொறுப்பாளர் என்ற முறையில் நான்தான் எழும்பிச் சொல்லியிருக்கவேண்டும். இருந்த கதிரையிலேயே இருந்தேன். அது எப்படிப்பட்ட காலம் என்று உனக்குத் தெரியும். ஒரு தமிழ் இளைஞனைப் பார்த்து வேண்டுமென்றே செய்தார் என்று ஒரு தாளில் எழுதினால், அந்தத் தாள் எழுதினவர்களின் கையோடு நிற்காத காலம். வேலையால் நிறுத்தினார்கள். அடுத்த கிழமை யாரோ வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். பதினொரு நாள். திரும்பி வந்தவர் பாண்டிருப்பில் நிற்கவில்லை, மனைவியின் காணிக்கு நாவிதன்வெளிக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் நிறுவனமும் பெட்டிகளைக் கழற்றி அடுக்கிவிட்டுப் போய்விட்டது. நீ அவருடைய பெயரை ஒரு கெட்ட வார்த்தை மாதிரிச் சொல்லி வளர்ந்தாய். நான் திருத்தவில்லை. எனக்கும் மெல்ல மெல்ல அதுவே உண்மையாகிவிட்டது என்று சொன்னால் நம்புவாயா? தலையாட்டினவள் நான் என்பதையே நான் நம்பாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

உன் அழைப்புக்குப் பிறகு அலுமாரியின் அடியில் இருந்த விசாரணைப் பிரதியைத் தேடி எடுத்தேன். நான் பொத்தான் அழுத்தின நேரம் அதில் இருக்கிறது. சத்தம் நின்றதும் மணிக்கூட்டைப் பார்த்த ஒரு ஆசிரியர் சொன்ன நேரமும் இருக்கிறது. நடுவில் நான்கு நிமிடம். விநாடி ஒருவரும் எழுதவில்லை. கழித்துக் கழித்துப் பார்த்தேன், கூட்டியும் பார்த்தேன், வேறு விடை வரவில்லை.

மூன்று நாளைக்கு முன் நாவிதன்வெளிக்குப் போனேன். உனக்கு உடுப்பு எடுக்கப் போகிறேன் என்று சாச்சியிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன், பார், இன்னும் திருந்தவில்லை. யோகன் வரம்பில் மண்வெட்டியோடு நின்றார். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு, மண்வெட்டியை வைத்துவிட்டு, வாங்க கா என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: அந்தச் சரி அடையாளம், நான் தொடவில்லை என்று சொன்ன பொய், உன் தொலைபேசி, உன்னைப் பார்த்துத் தலையாட்டினது. அவர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, எத்தனை நிமிடம் என்று. சொன்னேன். அப்படியே வரம்பில் குந்திவிட்டார். பிறகு சொன்னார்: "பதினொரு நாளும் அதையே கேட்டாங்க கா. கடைசியில எனக்கே சந்தேகம் வந்திட்டு. எறும்பத் தட்டிப்போட்டு வயரத் திருப்பி ஒழுங்கா அமத்தினனானோ இல்லையோ எண்டு. இண்டைக்கு வரைக்கும் அந்த வயர்க் கிளிப்பத்தான் நெனச்சுக்கொண்டு இருந்தன்."

மகன், நான் பாவம் செய்தேன் என்று தெரிந்துதான் போனேன். ஆனால் அவர் என்னை வெறுத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன், அது எனக்கு ஒருவகையில் லேசாக இருந்தது. அவர் அவ்வளவு காலமும் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. உன் கை முறிந்தது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு உழுதிருக்கிறார், விதைத்திருக்கிறார், வெட்டியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பையனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். உன் கலியாணத்துக்கு வரச்சொன்னேன், அது அந்த நேரத்தில் எவ்வளவு மடத்தனமான பேச்சு என்று வாயை விட்டு வந்த பிறகுதான் விளங்கியது. அவர் வரவில்லை என்றார்.

அவருடைய மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. நான் திரும்பும்போது, "எழுதித் தாங்க. உங்கட மகன் சொன்னதும் எழுத்திலதானே கிடக்கு" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதத்தோடு தனியாக ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். ஐந்து வரி. சுவிட்சில் வடிகட்டியை இயக்கினது நான், கேள்வி கேட்கும் ரவுட்டர் ஒன்றும் இருக்கவில்லை, அதனால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலே போனதும் எல்லாப் பெட்டிக்கும் குரல் நின்றது, யோகன் என்கிற யோகராசா வயரைக் கழற்றவில்லை, கழற்றினார் என்று சிறுவன் சொன்னது தாய் தலையாட்டினதால். இது உன் மாமனார் கைக்குப் போகவேண்டும், ஏனென்றால் அந்த ஃபைல் அவரிடம்தான் இருக்கிறது. சாச்சியிடம் நேற்று உண்மையைச் சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, கலியாணம் முடியட்டும், பிறகு கொடுப்போம், இல்லையென்றால் பொய்ச் சாட்சி சொன்ன மாப்பிள்ளை என்று பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உன் சந்தோசத்தில் மண் அள்ளிப் போடுகிறேனோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. காலையில் ஒரு முடிவு எடுக்கிறேன், பகல் சோற்றுக்கு முன் அது மாறிவிடுகிறது. ஆனால் கலியாணம் முடிந்த பிறகு பிள்ளை கிடைக்கட்டும் என்போம், பிள்ளை கிடைத்த பிறகு அது வளரட்டும் என்போம். என்னை எனக்குத் தெரியும். நான் அப்படிப்பட்டவள்தான்.

தாளின் அடியில் நான் கையெழுத்து வைத்துவிட்டேன். அதற்குக் கீழே ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது. நீ பதினொரு வயதில், ஒரு கை பிளாஸ்டரில் இருக்க, மற்றக் கையால் எழுத்தெழுத்தாகக் கூட்டி எழுதின பெயர் இன்னும் அந்த ஃபைலில் யோகனுக்கு எதிராக இருக்கிறது. அதை என்னால் அழிக்க முடியாது, நீதான் அதன் மேல் இன்னொன்று எழுதவேண்டும். முடியாது என்றால் சொல், நான் கோபிக்கமாட்டேன். என் பெயரோடு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் மாமனாருக்கு முன்னால் இருந்து காவினில் கையெழுத்து வைப்பாய். அதற்கு முந்தி இதில் வை, மகன்.

உம்மா